காலம் தவறிய காவல்: பம்பாய்க் காய்ச்சலும் ‘சைட்டோகைன் புயல்’ என்ற சொல்லும்

1918 ஜூன் 10 அன்று பம்பாயில் காவல்துறைச் சிப்பாய்கள் எழுவர் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் துறைமுகத்தில் காவல் பணி பார்த்தவர். அது மலேரியா இல்லை என்பது மட்டும் மருத்துவர்களுக்குத் தெரிந்தது. அடுத்த இரு வாரங்களில் துறைமுக அலுவலகம், தந்தி நிலையம், நாணயச்சாலை, பஞ்சாலை என நகரம் முழுவதும் ஆட்கள் படுத்தனர். மே மாத இறுதியில் வந்து நின்ற படைக்கப்பல் ஒன்றே இதற்கு வாயில் என்றார் நகராட்சியின் சுகாதார அதிகாரி ஜே. ஏ. டர்னர். கப்பலில் வந்த வீரர்கள் நகரத்தில்தான் நோயை வாங்கிக்கொண்டனர் என்றது அரசுத் தரப்பு. வழக்கு முடிவதற்குள் காய்ச்சல் இருப்புப்பாதை வழியே நாடெங்கும் போய்விட்டது. ‘பம்பாய்க் காய்ச்சல்’ என்ற பெயரும் கூடவே சென்றது.

முதல் அலை பெரும்பாலோரை மூன்று நான்கு நாள் படுக்கவைத்துவிட்டு விலகியது. செப்டம்பரில் திரும்பி வந்த அலை அத்தகையதன்று. அக்டோபர் 6 ஆம் நாள் ஒன்றில் மட்டும் பம்பாயில் 768 பேர் இறந்தனர். இந்தியா முழுமைக்குமான இறப்பை ஆய்வாளர்கள் 1.2 கோடி முதல் 1.8 கோடி வரை கணக்கிடுகின்றனர். உலகில் வேறெந்த நாடும் அந்த நோய்க்கு இத்தனை உயிர்களைக் கொடுக்கவில்லை. 1911க்கும் 1921க்கும் இடையில் இந்நாட்டின் மக்கள்தொகை வளராமல் சற்றே சுருங்கியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரலாற்றில் அப்படிச் சுருங்கிய பத்தாண்டு அது ஒன்றுதான்.

எண்ணிக்கையைவிட மருத்துவர்களைத் திகைக்கவைத்தது இறந்தவர்களின் வயது. சளிக்காய்ச்சல் குழந்தைகளையும் முதியவர்களையும் கொல்லும் என்பதே அதுவரை அறிந்த நடைமுறை. வயதுவாரியாக இறப்பை வரைந்தால் இரு ஓரங்களும் உயர்ந்து நடு தாழ்ந்திருக்கும். 1918இன் வரைபடத்தில் நடுவிலும் ஒரு குன்று எழுந்தது. 20க்கும் 40க்கும் இடைப்பட்டவர்கள், உழைக்கும் வயதினர், ஆயிரக்கணக்கில் மடிந்தனர். இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக இறந்தனர் என்பதையும் அன்றைய சுகாதார அறிக்கைகள் பதிவுசெய்தன. இந்திக் கவிஞர் நிராலா அப்போது இருபதை ஒட்டிய இளைஞர். மனைவி மனோகரா தேவிக்கு உடல்நலமில்லை என்ற செய்தி கேட்டு வங்காளத்திலிருந்து கங்கைக்கரை ஊரான டல்மவுக்கு அவர் வந்து சேர்ந்தபோது மனைவி இறந்திருந்தார். அண்ணன், அண்ணி என வீட்டில் அடுத்தடுத்துப் பிணங்கள் விழுந்தன. கங்கையில் பிணங்கள் நிறைந்து கிடந்ததைப் பின்னாளில் ‘குல்லீ பாட்’ என்ற நூலில் அவர் எழுதினார். அந்த இழவின் நடுவே நின்றவர், கொள்ளைநோயின் வரைபடத்தில் நடுக்குன்றாக எழுந்த அதே வயதினர் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

நோயின் போக்கும் விசித்திரமாக இருந்தது. காலையில் உடல்வலி என்று படுத்தவர்களில் சிலருக்கு ஓரிரு நாட்களில் உதடும் காதும் நீலம் பாய்ந்தன. அந்த நீலம் முகம் முழுதும் பரவினால் பிழைப்பது அரிது என்று மருத்துவர்கள் கற்றுக்கொண்டனர். பிண ஆய்வில் நுரையீரல்கள் காற்றுப்பை போல இராமல் குருதியும் நீரும் ஊறிக் கனத்திருந்தன. நோயாளி தம் உடலின் நீரிலேயே மூழ்கி இறந்திருந்தார்.

இதைச் செய்தது யார்? ஜெர்மானியரான ரிச்சர்ட் ஃபைஃபர் 1892இல் இனங்கண்ட ஒரு பாக்டீரியாவையே உலகம் அன்று குற்றவாளியாகக் கருதியது. சில நோயாளிகளிடம் அது கிடைத்தது, பலரிடம் கிடைக்கவில்லை. துனிஸ் நகரில் சார்ல் நிக்கோலும் சார்ல் லெபாய்யும் பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்துசெல்லும் ஏதோ ஒன்றே காரணம் என்று 1918 இலேயே அறிவித்தனர். அந்த ‘ஏதோ ஒன்று’ வைரஸ்தான் என்பது 1933இல் லண்டனில் உறுதியானது. வில்சன் ஸ்மித், கிறிஸ்டஃபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் நோயாளியின் தொண்டை நீரை வடிகட்டி, கீரியை ஒத்த ஃபெரெட் என்னும் சிறுவிலங்கின் மூக்கில் விட்டு, அதற்கும் காய்ச்சல் வரச்செய்தனர்.

குற்றவாளி கிடைத்துவிட்டதால் வழக்கு முடிந்தது என்றே தோன்றும். ஆனால் வைரஸ் நுரையீரலுக்குள் நீரை ஊற்றுவதில்லை. அந்த நீர் உடலுக்குச் சொந்தமான குருதிக்குழாய்களிலிருந்து கசிந்தது. கசியவிட்டது உடலின் சொந்தக் காவல் அமைப்பு. நோய்க்கிருமி செய்வதும் நோயாளியின் உடல் செய்வதும் வேறு வேறு என்ற எண்ணம் 1918க்கு முன்பே பிறந்திருந்தது. வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே, தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரைச் சீரம் செலுத்தப்பட்ட குழந்தைகளைக் கவனித்தார். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழித்தே சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்தன. சீரம் நஞ்சாக இருந்தால் உடனே வந்திருக்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் உடல் உருவாக்கிய எதிர்வினையே அந்த நோய் என்றார் அவர். 1906இல் ‘அலர்ஜி’ என்ற சொல்லை அவரே கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கினார். மாறிய எதிர்வினை என்பது அதன் பொருள். பாதுகாப்பும் தீங்கும் ஒரே செயலின் இரு முகங்கள் என்று சொல்லவே அவர் அச்சொல்லைப் படைத்தார். இன்று அது கத்தரிக்காய் தின்றால் வரும் அரிப்பைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிவிட்டது. சொற்களின் விதி சில நேரம் நோயாளிகளின் விதியைவிட இரங்கத்தக்கது.

நுரையீரலில் நடப்பது என்ன என்பதை அறிய மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1957இல் அதே லண்டன் ஆய்வகத்தில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் இருவரும் கோழிமுட்டைச் சவ்வின் மீது வெப்பத்தால் செயலிழக்கச் செய்த சளிக்காய்ச்சல் வைரஸை இட்டனர். அந்தச் சவ்விலிருந்து வெளிவந்த ஏதோ ஒரு பொருள், புதிய சவ்வையும் வைரஸிடமிருந்து காத்தது. வைரஸின் பெருக்கத்தில் குறுக்கிடுவதால் அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டனர். தாக்குண்ட செல், தான் சாகும் முன் அண்டை வீடுகளுக்குக் கூவி அறிவிக்கும் எச்சரிக்கை அது. கேட்ட செல்கள் கதவடைக்கின்றன. தம் புரத உற்பத்தியைக் குறைத்துக்கொள்கின்றன, உள்ளே நுழையும் வைரஸின் மரபுப்பொருளைத் துண்டாடும் நொதிகளை ஆயத்தம் செய்கின்றன. இது முதல் சில மணிகளின் வேலை.

இந்தக் கூவல் உரிய நேரத்தில் எழுந்தால், வைரஸ் மூக்கிலும் தொண்டையிலுமே பெரும்பாலும் அடங்கிவிடும். எழத் தாமதித்தால் அது கீழே இறங்கி, மனித நுரையீரலில் கோடிக்கணக்கில் உள்ள காற்றறைகளை அடைகிறது. காற்றறையின் சுவரும் அதை ஒட்டிய குருதிக்குழாயின் சுவரும் சேர்ந்தே தாளைவிட மெல்லியவை. மெல்லியதாக இருப்பதால்தான் ஆக்சிஜன் கடக்கிறது. அங்கே காவலிருக்கும் பெருவிழுங்கணுக்கள், சைட்டோகைன் எனப்படும் சிறு புரதங்களைச் சுரந்து உதவிக்கு ஆள் அழைக்கின்றன. இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் வந்துசேர வேண்டுமானால் குழாயின் சுவர் இடைவெளி விட்டாக வேண்டும். விரலில் முள் தைத்த இடம் சிவந்து வீங்குவதும் இதே முறையால்தான். விரல் வீங்கினால் இரண்டு நாள் வலி. காற்றறையின் சுவர் வீங்கி நீர் கசிந்தால் மூச்சு நின்றுவிடுகிறது. விரைந்து வரும் நியூட்ரோபில் அணுக்கள் உமிழும் நொதிகளும் உயிர்வளிச் சேர்மங்களும் பகையென்றும் உறவென்றும் பார்ப்பதில்லை. 1918இன் நீல முகங்களுக்கு உடலியல் தரும் விளக்கம் ஏறத்தாழ இதுதான்.

இந்த மிகையான எதிர்வினைக்குப் ‘புயல்’ என்ற உவமை வேறொரு துறையிலிருந்து வந்தது. 1993இல் ஜேம்ஸ் ஃபெராரா, எலும்பு மச்சை மாற்றத்தின்பின் மாற்றியளிக்கப்பட்ட அணுக்களே நோயாளியின் உடலைத் தாக்கும் நிலையை விளக்குகையில் ‘சைட்டோகைன் புயல்’ என்ற தொடரைக் கையாண்டார். அங்கு வைரஸே இல்லை. 1997இல் ஹாங்காங்கில் பறவைக்காய்ச்சல் 18 பேரைப் பற்றி 6 பேரைக் கொன்றது. அந்த வைரஸை மனித விழுங்கணுக்களில் செலுத்தியபோது சாதாரணச் சளிக்காய்ச்சல் வைரஸைவிட மிகுதியாகச் சைட்டோகைன்கள் சுரந்ததை ஹாங்காங் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டனர். புயல் அப்போதுதான் நுரையீரலுக்குக் குடிபெயர்ந்தது.

பிறகு இறந்தவர்களே சாட்சிக்கு அழைக்கப்பட்டனர். அமெரிக்க இராணுவத்தின் திசுக் கிடங்கில் மெழுகில் பதித்து வைத்திருந்த 1918இன் நுரையீரல் துணுக்குகளிலிருந்தும், அலாஸ்காவின் உறைநிலத்தில் புதைந்திருந்த ஒரு பெண்ணின் உடலிலிருந்தும் ஜெஃப்ரி டாபன்பெர்கர் குழு வைரஸின் மரபுத்தொடரைப் படித்தெடுத்தது. 2005இல் வைரஸ் ஆய்வகத்தில் மீண்டும் உயிர்பெற்றது. 2007இல் கனடாவின் வின்னிபெக்கில் அதைக் குரங்குகளுக்குச் செலுத்தினர். எட்டு நாட்களுக்குள் அவற்றின் நுரையீரல்கள் பம்பாயின் பிணக்கூடத்தில் கண்டவற்றைப் போலவே குருதியும் நீருமாக நிறைந்தன. அழற்சிப் புரதங்கள் உயர்ந்தன, இறங்கவே இல்லை. ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. புயல் என்ற சொல்லின் இரைச்சலில் அது பலர் காதில் விழவில்லை. வைரஸை முதலில் தடுக்க வேண்டிய இன்டர்ஃபெரான் வழிப்பட்ட எதிர்வினை அக்குரங்குகளில் ஒழுங்கு குலைந்திருந்தது. பின்னால் கொட்டிய மழை மிகை, முன்னால் அடிக்க வேண்டிய மணி மங்கல்.

மக்களிடையே பரவியதோ எளிய கதை: “இளைஞர்களின் எதிர்ப்புச் சக்தி வலிமையானது. வலிமை மிகுந்ததால் அதுவே அவர்களைக் கொன்றது.” நேர்த்தியான கதைதான். அதைப் பம்பாயில் வைத்துச் சோதித்தால் நிற்பதில்லை. நகராட்சியின் கணக்கில் 1918இன் சளிக்காய்ச்சல் இறப்பு, தாழ்த்தப்பட்ட சாதி இந்துக்களிடையே ஆயிரத்துக்கு 61.6. ஐரோப்பியரிடையே 8.3. அவ்வாண்டு பருவமழை பொய்த்து, தானிய விலை ஏறி, காற்று நுழையாத ஒற்றையறைக் குடியிருப்புகளில் ஒரு குடும்பமே நெருங்கிக் கிடந்த நகரம் அது. வலிமையான எதிர்ப்புதான் கொல்கிறது என்றால், வயிறு நிறைந்த ஐரோப்பியர் அல்லவா ஏழு மடங்கு இறந்திருக்க வேண்டும்? உணவு ஊட்டி, நீர் கொடுத்து, நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட பெண்கள், தாம் உண்ணாமல் மிகுதியாக இறந்தனர். ‘வலிமை’ என்ற சொல் இவர்களை எங்கே வைக்கும்?

வயதுக் குன்றுக்கு வேறு விளக்கங்களும் உண்டு. 1889 ஆம் ஆண்டின் உலகப் பரவலை ஒட்டிப் பிறந்தவர்களுக்குச் சிறுவயதில் வேறொரு வகை வைரஸ் அறிமுகமானதால், அவர்களின் நினைவணுக்கள் 1918இல் தவறான பகைவனைத் தேடின என்பது ஒரு கருதுகோள். அதுவும் முற்ற நிறுவப்படவில்லை. மேலும், 2008இல் டாபன்பெர்கரும் டேவிட் மோரன்ஸும் ஆண்டனி ஃபௌச்சியும் 58 பழைய நுரையீரல் மாதிரிகளை ஆராய்ந்தனர். ஏறக்குறைய எல்லாவற்றிலும் பாக்டீரியா நிமோனியாவின் தடம் இருந்தது. வைரஸ் மூச்சுக்குழாயின் உட்சுவரை உரித்தபின், தொண்டையில் வழக்கமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உள்ளே இறங்கி வேலையை முடித்திருந்தன. உதறித்தள்ளப்பட்ட ஃபைஃபரின் பாக்டீரியாவுக்கும் ஓரளவு பங்கிருந்தது என்பது வரலாற்றின் குறும்பு. அதே காலத்தில், சில சைட்டோகைன்கள் சுரக்காத எலிகளுக்குப் பறவைக்காய்ச்சலைச் செலுத்திய ஆய்வில் அவையும் இறந்தன. புயலை நிறுத்தினாலும் வைரஸ் நிற்கவில்லை.

2020 தொடங்கியபோது மருத்துவம் இந்த இடத்தில்தான் இரு மனமாக நின்றது. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டுகளை வழக்கமாகத் தரவேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் ஜனவரியில் அறிவுறுத்தியது. காவலைத் தூங்கவைத்தால் வைரஸ் பெருகும் என்ற அச்சம் நியாயமானதே. விடை ஜூன் 16 அன்று பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்விலிருந்து வந்தது. டெக்ஸாமெதசோன் புதிய மருந்தன்று. 1950களின் இறுதியிலிருந்து புழக்கத்தில் உள்ளது, சில ரூபாய்க்குக் கிடைப்பது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், பத்து நாட்கள் வரை. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரிடையே 28 நாள் இறப்பு 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றோரிடையே 26.2இலிருந்து 23.3 ஆனது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடையே மருந்து பெறாதோரில் 14 விழுக்காட்டினரும் பெற்றோரில் 17.8 விழுக்காட்டினரும் இறந்தனர். கடைசி வேறுபாடு புள்ளியியல் உறுதி பெறவில்லை. ஆனால் அங்கே பயன் ஏதுமில்லை என்பதும், தீங்கு நேரக்கூடும் என்பதும் தெளிவாயிற்று.

ஒரே மாத்திரை, ஒரே அளவு, ஒரே நோய். மாறியது நாள் மட்டும். முதல் வாரத்தில் வைரஸ் பெருகும்போது உடலுக்கு அதன் கூவல் வேண்டும். இரண்டாம் வாரத்தில் வைரஸ் தணிந்தபின்னும் அணையாத அழற்சியை அடக்க வேண்டும். அவ்வாண்டே வெளிவந்த இன்னொரு ஆய்வு இதன் முற்பாதியை உறுதிப்படுத்தியது. கடும் கோவிட் நோயாளிகள் 987 பேரில் 101 பேரின் குருதியில், தம் இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அவர்களில் 95 பேர் ஆண்கள். மணியடிப்பவனின் வாயைக் கட்டியதும் உடலே. இன்னும் சில ஆய்வுகள் கோவிட் நோயாளிகளின் இன்டர்லூக்கின்-6 அளவை, புற்றுநோய்க்கான சில சிகிச்சைகளில் எழும் உண்மையான சைட்டோகைன் பெருக்கத்தோடு ஒப்பிட்டு, அது பன்மடங்கு குறைவு என்று காட்டின. புயல் என்று அழைப்பதே பொருத்தமா என்று மருத்துவ இதழ்கள் வெளிப்படையாகக் கேட்டன.

இந்தியாவில் அந்தக் கேள்வி தெருவுக்கு வரவில்லை. வந்தவை சொற்கள் மட்டுமே. நோயிலிருந்து காப்புற்ற நிலையைக் குறிக்கும் ‘இம்யூனிட்டி’ என்ற ஐரோப்பியச் சொல் ரோமானியச் சட்டத்தில் வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் பெற்ற விலக்கைக் குறித்தது. விலக்கு உண்டு அல்லது இல்லை, கூட்டிக் குறைக்க அதில் இடமில்லை. இந்திய மொழிகளிலோ அது ஓர் அளவாக மாறியது. இந்தியிலும் வங்கத்திலும் ‘க்ஷமதா’ என்ற திறன், மராத்தியில் ‘சக்தி’, தமிழிலும் எதிர்ப்புச் ‘சக்தி’. சக்தி என்றால் ஏற்றலாம், தீர்ந்தால் நிரப்பலாம். 2020 மார்ச் இறுதியில் ஆயுஷ் அமைச்சகம் மஞ்சள் பாலையும் மூலிகைக் கஷாயத்தையும் பரிந்துரைத்தது. ரொட்டியிலிருந்து மெத்தை வரை எல்லாவற்றையும் எதிர்ப்புச் சக்தி ஏற்றுவதாகச் சொல்லி விற்றார்கள். மஞ்சள் பால் குடித்தவர்களுக்குத் தீங்கொன்றும் இல்லை. புயல் என்ற மற்றொரு சொல் அவ்வளவு சாதுவானதாக இருக்கவில்லை. அவ்வாண்டு ஜூலையில், 30 பேரை மட்டுமே கொண்ட ஓர் ஆய்வின் துணையோடு, புயலை அடக்கும் உயிரிமருந்து ஒன்றுக்கு அவசர ஒப்புதல் கிடைத்தது.

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை வந்தபோது மருத்துவமனைகளில் கட்டில் இல்லை. வீட்டிலேயே இருந்தவர்களின் கைப்பேசிகளில் மருந்துச்சீட்டுகள் உலவின. அவற்றில் ஸ்டீராய்டும் இருந்தது. புயல் வருமென்று சொல்லப்பட்டால் அதற்கு முன்பே கதவடைக்கத்தானே எந்த மனிதருக்கும் தோன்றும்? ஆக்சிஜன் அளவு இறங்காதவர்களும், காய்ச்சலின் இரண்டாம் மூன்றாம் நாளிலேயே, நீரிழிவு உள்ளவர்களும் அதை விழுங்கினர். ஸ்டீராய்டு காவலை அடக்கியது, குருதிச் சர்க்கரையை ஏற்றியது. காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும் ஒரு பூஞ்சைக்கு இரண்டும் வாய்ப்பாயின. மூக்கிலிருந்து கண்ணுக்கும் கண்ணிலிருந்து மூளைக்கும் அது ஏறியது. மியூகோர்மைகோசிஸ் என்ற பெயரை அதுவரை கேட்டிராத ஊர்களில் ‘கருப்புப் பூஞ்சை’ என்ற சொல் வழங்கியது. ஜூலைக்குள் நாடெங்கும் 40,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். உயிரைக் காக்கக் கண்ணை எடுக்க வேண்டியிருந்தவர்கள் பலர்.

மே 20 அன்று மத்திய அரசு, கருப்புப் பூஞ்சையை அறிவிக்கத்தக்க நோயாக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. அதற்குப் பயன்பட்டது 1897 ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். பம்பாயின் பிளேக்குக்காக இயற்றப்பட்ட அந்தச் சட்டம், அந்த ஏழு சிப்பாய்கள் காய்ச்சலோடு வந்த நாளிலும் நடைமுறையில் இருந்தது.